எந்த வாட்ச் வாங்கலாம்? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அத்தை பெங்களூரு ஜலஹள்ளியில் இருந்த, எச்எம்டி என்ற அரசு நிறுவனத்தின் வாட்ச் தொழிற்சாலையில், அசெம்பிளி பிரிவில், இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறை எல்லாம் எனக்கு அவர் வீட்டில்தான். அந்தப் பழக்கத்தில் வாட்ச் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதால், அல்சூரில் எங்கள் குடியிருப்பில் யார் வாட்ச் வாங்கப் போனாலும் முதலில் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்பார்கள். போன தீபாவளி சமயத்தில் ஒரே வாரத்தில் நாலு பேருக்கு ஒரே பதிலைச் சொன்ன பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் வாட்ச் விற்பவள் இல்லை. செல் மாற்றுவேன், பெல்ட் மாற்றுவேன், அதற்கு மேல் கடைக்குத்தான் போவேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே போட்டிருக்கிறேன்.

போன்லயே மணி தெரியுது, அப்புறம் எதுக்குக்கா வாட்ச்?

உங்களுக்குத் தேவைப்படாமலும் போகலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்களில் பாதிப் பேர் நான் எதையாவது வாங்கச் சொல்லுவேன் என்றுதான் வருகிறார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையின் ஓரத்திலேயே மணி ஓடுகிறது. அவர் கையில் வாட்ச் கட்டாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் கை சும்மா இல்லாத வேலை செய்பவர்களுக்கு விஷயமே வேறு. எங்கள் மாடியில் இருக்கும் நர்ஸ் நாடி பிடித்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறார், அவருக்கு நொடி முள் ஓடுகிற வாட்ச் ஒரு வேலைக் கருவி. வகுப்பு எடுக்கும் ஆசிரியர், சில்க் போர்டு நெரிசலில் ஸ்கூட்டரில் நிற்பவர், கையெல்லாம் மாவோடு அடுப்பைப் பார்க்கிறவர், இவர்கள் யாரும் பையைத் துழாவிப் போனை எடுக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. மணி பார்க்கப் போனை எடுத்தால் மணியை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறீர்களா? நான் வைப்பதில்லை, இரண்டு செய்தியைப் படித்துவிட்டு, மணி என்ன என்பதை மறந்து, மறுபடியும் பார்க்கிறேன். வாட்ச் கட்டினால் அந்தப் பத்து நிமிடம் மிச்சம்.

சாவி கொடுக்குறது, ஆட்டோமேட்டிக், குவார்ட்ஸ், ஸ்மார்ட்னு நாலு சொல்றாங்க. என்ன வித்தியாசம்?

சக்தி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், புரிந்துவிடும். சாவி கொடுக்கிற வாட்ச்சில் நீங்கள் காலையில் திருகுகிற திருகு உள்ளே ஒரு வில்லைச் சுருட்டி வைக்கிறது, அது நாள் முழுக்க மெல்ல மெல்லப் பிரிந்து முட்களை ஓட்டுகிறது. ஆட்டோமேட்டிக்கிலும் அதே வில்தான், ஆனால் அரைவட்டமாக ஒரு எடைத் தகடு இருக்கும், நீங்கள் கையை ஆட்டும்போது அது சுழன்று வில்லைச் சுருட்டிவிடும். சாதாரணமாக 40 மணி நேரம் தாங்கும். வெள்ளி ராத்திரி கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றிருக்கும், அது கோளாறு இல்லை.

குவார்ட்ஸ் என்பது செல் போடுகிற வாட்ச், நம்மில் பெரும்பாலோர் கட்டுவது இதுதான். ஸ்மார்ட்வாட்ச் என்பது கையில் கட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர், அதற்கு மணி காட்டுவது பத்து வேலைகளில் ஒரு வேலை.

குவார்ட்ஸ்னா கல்லுதானே? கல்லு எப்படி மணி காட்டும்?

கல்தான். குவார்ட்ஸ் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதுவும் எப்போதும் ஒரே வேகத்தில் அதிரும். வாட்ச்சுக்குள் இருக்கும் துண்டைச் சின்னக் கவை போல வெட்டி, நொடிக்கு 32,768 முறை அதிரும்படி செய்திருப்பார்கள். ஏன் இப்படி ஒரு எண்? அதைப் பாதியாக்குங்கள், அந்தப் பாதியைப் பாதியாக்குங்கள், இப்படி 15 முறை செய்தால் சரியாக ஒன்று வரும். உள்ளே இருக்கும் சிப் அந்தக் கணக்கைத்தான் ஓயாமல் செய்கிறது. நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்ததும் சின்ன மோட்டார் முள்ளை ஒரு படி தள்ளுகிறது. அதனால்தான் குவார்ட்ஸ் வாட்ச்சில் நொடி முள் டிக் டிக்கென்று தாவுகிறது.

சாவி கொடுக்கிற எச்எம்டி ஜனதா என்ற மாடலில் உள்ளே இருக்கும் சக்கரம் நொடிக்கு 5 முறைதான் அசையும், மணிக்கு 18,000. ஐந்துக்கும் முப்பத்திரண்டாயிரத்துக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். சாதாரணக் குவார்ட்ஸ் மாதத்துக்கு 15, 20 நொடிக்கு மேல் தவறாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

என் வாட்ச் தினமும் அரை நிமிஷம் ஸ்லோ ஆகுது. கெட்டுப்போச்சா?

எந்த வகை வாட்ச் என்று முதலில் சொல்லுங்கள். குவார்ட்ஸ் தினமும் அரை நிமிடம் பின்தங்கினால் செல் தீர்ந்துகொண்டிருக்கிறது, இல்லையென்றால் உள்ளே அழுக்கு. சாவி கொடுக்கிற பழைய வாட்ச் தினமும் அரை நிமிடம் தவறினால் பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். அதில் 30 தவறினால்கூட 99.96 சதவீதத்துக்கு மேல் சரி. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பல்சக்கரங்கள் அதைச் செய்கின்றன என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். சுவிட்சர்லாந்தில் மணித் துல்லியத்துக்கான குரோனோமீட்டர் சான்றிதழ் வாங்கும் வாட்ச்சுக்கே நாளைக்கு 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள்.

திடீரென்று நிமிடக் கணக்கில் முந்த ஆரம்பித்தால் மட்டும் காந்தத்தைச் சந்தேகப்படுங்கள். உள்ளே முடி மாதிரி ஒரு சுருள்வில் இருக்கிறது, காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாக ஆடும். ஸ்பீக்கர், காந்தப் பூட்டு வைத்த கைப்பை, காந்தம் வைத்த போன் உறை, இவற்றின் மேல் வாட்ச்சை வைக்காதீர்கள். ஏறிவிட்டால் கடையில் டீமேக்னடைசர் என்ற சின்னப் பெட்டியில் வைத்து ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். முழு சர்வீஸ் வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

ரொம்ப சாவி கொடுத்தா வில் அறுந்துடும்னு தாத்தா சொல்வாரு. நிஜமா?

மெதுவாகத் திருகுங்கள், இறுகியதும் நிறுத்துங்கள், அறுந்துவிடாது. கையால் சாவி கொடுக்கும் வாட்ச்சுக்குச் சுமார் 25, 30 திருகில் ஒரு முட்டுக்கட்டை தெரியும். அதற்கு மேல் பலம் போட்டால்தான் ஆபத்து. தினமும் ஒரே நேரத்தில் கொடுத்தால் மணியும் சீராக ஓடும்.

இதோடு தேதியையும் சொல்லிவிடுகிறேன். சாவி வாட்ச், ஆட்டோமேட்டிக் இரண்டிலும் இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை தேதியைத் திருகி மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் ஏற்கெனவே கவ்விக்கொண்டிருக்கும், பலவந்தமாகத் திருப்பினால் பல் முறியும். முட்களை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள். 31 நாள் இல்லாத மாதம் ஐந்து, ஆகவே வருடத்தில் ஐந்து முறை இந்த வேலை உண்டு.

செல் எத்தனை வருஷம் வரும்? நின்னதும் மாத்தினா போதும்தானே?

சாதாரண முள் வாட்ச்சில் இரண்டு, மூன்று வருடம் வரும். கேசியோவின் எஃப்-91டபிள்யூ என்ற டிஜிட்டல் வாட்ச் 1989-ல் வந்தது, இன்றும் அதே வடிவத்தில் விற்கிறார்கள், ஒரு செல்லில் ஏழு வருடம் ஓடும் என்று போட்டிருக்கும். சில வாட்ச்சில் செல் தீரப் போகிறது என்பதை நொடி முள்ளே சொல்லிவிடும், நொடிக்கு ஒரு முறை தாவாமல் இரண்டு நொடிக்கோ நாலு நொடிக்கோ ஒரு முறை சேர்த்துத் தாவும். பலர் அதைக் கோளாறு என்று நினைத்துப் பதறி வருகிறார்கள்.

நின்ற பிறகு மாற்றினாலும் போதும், ஆனால் நின்றதை அப்படியே அலமாரியில் போட்டுவிடாதீர்கள். தீர்ந்த செல் கசியும், கசிந்தால் உள்ளே இருக்கும் தாமிரச் சுருளையும் தகடையும் அரித்துவிடும். எனக்குத் தெரிந்து குவார்ட்ஸ் வாட்ச்சுகள் அதிகமாகச் செத்தது இப்படித்தான்.

50 மீட்டர்னு பின்னாடி போட்டிருக்கே, குளிக்கும்போது கட்டலாமா?

கட்டாதீர்கள். அந்த 50 மீட்டர் நீங்கள் இறங்கக்கூடிய ஆழத்தின் அளவு கிடையாது. அசையாத தண்ணீரின் அழுத்தத்தைக் கணக்கிட்டு ஆய்வகத்தில் சோதித்த எண் அது. 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், பெங்களூரு சாயங்கால மழையில் நனையலாம். 50 என்றால் கொஞ்சம் நீச்சல். 100 போட்டிருந்தால் தைரியமாக நீந்தலாம். ஆனால் கீசர் வெந்நீரும் ஆவியும் சோப்பும் வேறு ரகம், ரப்பர் வளையத்தை அவை சீக்கிரம் கெடுத்துவிடும். அந்த வளையத்துக்கும் வயதாகும், பத்து வருடப் பழைய வாட்ச்சில் பின்னால் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

ஆன்லைன்ல எச்எம்டி புதுசு மாதிரி பளபளன்னு குறைஞ்ச விலைக்கு வருதே, வாங்கலாமா?

பளபளப்புதான் முதல் எச்சரிக்கை. பெரும்பாலும் அது பழைய இயந்திரத்தின் மேல் புதிதாக அச்சடித்த டயல், எங்கிருந்தோ எடுத்த முள், வேறொரு வாட்ச்சின் மூடி என்று பல வாட்ச்சைச் சேர்த்து ஒன்றாக்கியது. சேகரிப்பவர்கள் இதற்கு மும்பை ஸ்பெஷல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். டயலில் எழுத்து கொஞ்சம் தடித்தோ கோணலாகவோ இருக்கும். பச்சை, ஆரஞ்சு என்று எச்எம்டி அந்த மாடலில் போடவே போடாத நிறங்கள் வரும். நிமிடக் கோடுகள் ஓரத்தோடு சரியாகச் சேராது. பின் மூடியைத் திறந்து படம் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அதே சமயம், அதில் ஓடுகிற இயந்திரம் நல்லதாக இருந்து, உங்களுக்குத் தெரிந்தே வாங்கினால் தவறு ஒன்றும் இல்லை. அசல் என்று நினைத்து அசல் விலை கொடுப்பதுதான் தவறு. பழசு, லேசாக மஞ்சளேறிய டயல், கீறல் விழுந்த கண்ணாடி, ஒரே ஆள் கட்டி வந்த வாட்ச் என்றால் நான் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தே வாங்குவேன்.

எச்எம்டியை ஏன் மூடினாங்க? டைட்டன் வந்ததாலதானே?

அத்தையிடம் இதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. டைட்டன் ஒரு காரணம்தான், முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூருவில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. அதுவரை வெளிநாட்டு வாட்ச்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு எச்எம்டி, வேலை கிடைத்தால் எச்எம்டி, ரிடையர் ஆனால் எச்எம்டி என்று ஒரு தலைமுறையே கட்டியது. இதற்கு நடுவில் 1969 டிசம்பர் 25-ல் டோக்கியோவில் சீக்கோ உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது, விலை 4,50,000 யென், அன்று ஒரு சின்னக் கார் வாங்குகிற பணம். பத்துப் பதினைந்து வருடத்தில் அதே தொழில்நுட்பம் யாரும் வாங்குகிற விலைக்கு இறங்கிவிட்டது. சுவிட்சர்லாந்திலேயே வாட்ச் தொழிலில் இருந்த சுமார் 90,000 பேர் 1980களின் நடுவில் 30,000 அளவுக்கு வந்துவிட்டார்கள்.

1984-ல் டாட்டாவும், டிட்கோ என்கிற தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. தொழிற்சாலை இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில், ஓசூரில். ஆரம்பத்திலிருந்தே குவார்ட்ஸ்தான் என்று முடிவெடுத்தார்கள், பார்க்க அழகாக இருக்க வேண்டும், கடை நன்றாக இருக்க வேண்டும் என்று மெனக்கெட்டார்கள். 2002-ல் மொத்தமே 3.5 மில்லிமீட்டர் தடிமனில் எட்ஜ் என்ற வாட்ச்சைக் கொண்டுவந்தார்கள். எச்எம்டியும் குவார்ட்ஸ் செய்தது, ஆனால் அதன் பலம் முழுவதும் சாவி கொடுக்கிற வாட்ச்சில்தான் இருந்தது. 2016 ஜனவரியில் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

அத்தை சொல்வது இதுதான்: "நாங்க செஞ்ச வாட்ச்ல குறை இல்லடா. ஜனங்களுக்கு வேணும்கிறது மாறிப்போச்சு, அதை நாங்க கேக்கல." தினமும் சாவி கொடுக்க வேண்டாம், மெல்லிசாக இருக்க வேண்டும், மணி சரியாக இருக்க வேண்டும், இவ்வளவுதான் மக்கள் கேட்டது. ஜலஹள்ளியில் எச்எம்டி அருங்காட்சியகம் இருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

பெரியப்பாவோட வாட்ச் முப்பது வருஷமா ஓடல. ரிப்பேர் பண்ண முடியுமா, இல்ல தூக்கிப் போடவா?

சாவி கொடுக்கிற வாட்ச் என்றால் பத்தில் எட்டு ஓடும் என்பது என் அனுபவம். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டால் போதும். சிவாஜி நகர், அவென்யூ ரோடு பக்கம் கண்ணில் லென்ஸ் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள், அவர்களில் பலருக்குப் பிறகு அந்த மேசையில் உட்கார ஆள் இல்லை.

கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். டயலைத் தொடக் கூடாது, புதிதாக அச்சடிக்கக் கூடாது. மூடியைப் பாலிஷ் போடக் கூடாது. மாற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒரு கடையில் நான் இதைச் சொல்லாமல் கொடுத்து, அப்பாவின் வாட்ச் டயல் பளிச்சென்று வெள்ளையாகத் திரும்பி வந்தது. எண்ணெய்ப் பழுப்பேறிய அந்தப் பழைய டயலை இன்றும் தேடுகிறேன்.

இருட்டுல பச்சையா ஒளிருதே ரேடியம், அது உடம்புக்குக் கெடுதலா?

பேர்தான் ரேடியம். இன்றைய வாட்ச்சில் பெரும்பாலும் இருப்பது வெளிச்சத்தை உறிஞ்சிவைத்து இருட்டில் திருப்பித் தரும் ஒரு பூச்சு, கதிரியக்கம் கிடையாது. 1960கள் வரை வந்த சில வாட்ச்சுகளில் நிஜ ரேடியம் உண்டு. ஒளி எப்போதோ அணைந்திருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும், ஆகவே கதிரியக்கம் அப்படியே இருக்கும். அப்படி ஒன்று பரணில் கிடைத்தால் மூடியைத் திறந்து சுரண்ட வேண்டாம், அந்தத் தூசி மூச்சில் போவதுதான் ஆபத்து.

எல்லாரும் ஸ்மார்ட்வாட்ச் கட்டுறாங்க. நானும் வாங்கலாமா?

சிலருக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி. எங்கள் அலுவலகத்தில் காது சரியாகக் கேட்காத ஒருவர் இருக்கிறார். போன் வந்தாலும், காலை அலாரம் அடித்தாலும் மணிக்கட்டில் அதிர்வது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் சொல்லித்தான் புரிந்தது. ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், நேரத்துக்கு மாத்திரை போட வேண்டியவர்கள், மீட்டிங் நடுவே வீட்டிலிருந்து வரும் அழைப்பை மட்டும் பார்க்க வேண்டியவர்கள், இவர்களுக்கெல்லாம் நான் தயங்காமல் சொல்வேன்.

மற்றவர்கள் இரண்டு விஷயத்தை யோசியுங்கள். ஒன்று சார்ஜ். நாள்தோறும், இல்லையென்றால் சில நாளுக்கு ஒரு முறை, இன்னொரு பொருளை நினைவாகச் சார்ஜ் போட உங்களால் முடியுமா? இரண்டாவது ஆயுள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி வருடா வருடம் பலம் இழக்கும், கம்பெனி ஒரு நாள் சாஃப்ட்வேர் அனுப்புவதை நிறுத்தும். அதற்குப் பிறகு அவென்யூ ரோடு பெரியவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பெரியப்பாவின் வாட்ச்சை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு வந்த மாதிரி, இதை உங்கள் பேத்தி யாரிடமும் எடுத்துக்கொண்டு போக முடியாது. நாலைந்து வருடத்துக்கு ஒரு கருவி என்று தெரிந்து வாங்கினால் வருத்தம் இருக்காது.

ஆயிரத்து ஐந்நூறு ரூபா வாட்ச்ல பிபி, சுகர் எல்லாம் காட்டுது மேடம், டாக்டர்கிட்ட போற செலவு மிச்சம்தானே?

தயவுசெய்து சுகரை வாட்ச்சில் பார்க்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஊசி குத்தாமல், தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளவைக் காட்டுவதாகச் சொல்லும் ஸ்மார்ட்வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரிக்கை விட்டது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. விரலில் குத்திப் பார்க்கும் கருவி, அல்லது டாக்டர் சொல்லித் தோலில் ஒட்டும் சென்சார், இவை இரண்டும்தான் வீட்டு வழி. ஒட்டும் சென்சாரின் அளவை வாட்ச் திரையில் காட்டுவது வேறு விஷயம், அங்கே அளப்பது சென்சார்.

இதயத்துடிப்பு ஓரளவு சரியாக வரும். வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு மின்னுகிறதே, ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கூடிக் குறைவதை அந்த ஒளியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் மலிவான ஒரு வாட்ச்சைத் தண்ணீர் பாட்டிலில் கட்டிப் பார்த்தேன், அதற்கும் 74 என்று துடிப்பு காட்டியது. ஈசிஜி வசதி உள்ள நல்ல வாட்ச்சுகள் துடிப்பு தாறுமாறாக இருந்தால் எச்சரிக்கும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் வாட்ச்சைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தினமும் 10,000 அடி நடக்கலன்னா வாட்ச் திட்டுது. கட்டாயம் அவ்வளவு நடக்கணுமா?

அந்த எண் மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண் அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு மான்போ-கெய் என்று பெயர் வைத்தார்கள், பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். அங்கிருந்து பரவியதுதான். அல்சூர் ஏரியைச் சுற்றி நிம்மதியாக ஒரு நடை போய்விட்டு வாருங்கள், வாட்ச் என்ன சொன்னாலும் அது கணக்கில் உண்டு.

பையன் நீட் எழுதறான், நல்ல வாட்ச் சொல்லுங்க.

நீட் தேர்வு அறைக்குள் எந்த வாட்ச்சும் அனுமதி இல்லை, சாதா வாட்ச்கூட. ஆனால் வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போது ஒரு முள் வாட்ச்சை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். டிஜிட்டலில் 11:37 என்று படித்தால் மனதுக்குள் கழிக்க வேண்டும், முள்ளில் மீதி நேரம் ஒரு துண்டாகக் கண்ணுக்கே தெரியும். அறையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுத அதுவே பழக்கம். விலை ஐந்நூறு ரூபாய்க்குள் போதும்.

அப்பாவுக்கு 78 வயசு, ஊர்ல தனியா இருக்கார். விழுந்தா தகவல் சொல்ற வாட்ச் வாங்கித் தரலாமா?

இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. விழுந்ததைக் கண்டுபிடிக்கும் வசதி நிஜமானது, ஆனால் எல்லா விழுதலும் அதற்குத் தெரியாது. மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் பல நேரம் தவறவிடும். தகவல் போக, பக்கத்தில் போன் இருக்க வேண்டும் அல்லது வாட்ச்சிலேயே சிம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அது அவர் கையில் இருக்க வேண்டும், சார்ஜோடு.

எங்கள் கீழ் வீட்டுக்காரர் தன் அப்பாவுக்கு விலை உயர்ந்த ஒன்றை வாங்கி அனுப்பினார். ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போனால் அது பீரோவில், பெட்டியோடு, பத்திரமாக. "இவ்ளோ விலையுள்ள பொருளைக் கட்டிக்கிட்டு மாடு கட்டப் போக முடியுமாப்பா?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம் மகன் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், தனக்கு என்ன வேண்டும் என்று. அப்பா நன்றாக இருக்கிறார் என்று தினமும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். குளியலறையில் கைப்பிடிக் கம்பி போட்டார், வழுக்காத விரிப்பு போட்டார், பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்தார், ராத்திரி எட்டு மணிக்குத் தவறாமல் போன் செய்கிறார். பெரிய எண் போட்ட ஒரு குவார்ட்ஸ் வாட்ச்சும் வாங்கிக் கொடுத்தார், அதைப் பெரியவர் கழற்றுவதே இல்லையாம். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இதயத்துடிப்புக் கோளாறு இருந்து, டாக்டரே கட்டச் சொல்லி, அவரும் தினம் சார்ஜ் போடச் சம்மதித்தால் வாங்கிக் கொடுங்கள். முதலில் அவரிடம் கேளுங்கள்.

எல்லாம் படிச்சேன். ஆனா எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலையே, எப்படி முடிவு பண்றது?

ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மணி பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எதற்காகப் பார்த்தீர்கள் என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். பஸ், மாத்திரை, குக்கர், மீட்டிங், யார் கூப்பிட்டது, எவ்வளவு ஓடினேன், சும்மா. ஏழு நாள் கழித்துக் கூட்டிப் பாருங்கள். எதற்காகக் கையைப் பார்க்கிறீர்கள் என்பது தெரிந்துவிட்டால் எந்த வாட்ச் என்பது தானாகத் தெரியும்.

ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் என் தோழி நாற்பதாயிரத்துக்கு ஸ்மார்ட்வாட்ச் பார்த்து வைத்திருந்தாள். அவள் நோட்டில் பாதிக்கு மேல் "இந்த மீட்டிங் முடிய இன்னும் எவ்வளவு" என்றே இருந்தது. தெளிவான டயலோடு ஒரு குவார்ட்ஸ் வாங்கினாள், மூன்று வருடமாகக் கட்டுகிறாள். அவள் தம்பியின் நோட்டில் நேர் எதிர், "எவ்வளவு ஓடினேன்", "துடிப்பு எவ்வளவு" என்று பக்கம் பக்கமாக. அவனுக்கு ஸ்மார்ட்வாட்ச்தான் சரி. நோட்டில் ஒன்றுமே பெரிதாக இல்லை, ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த அந்த ஆட்டோமேட்டிக் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது என்றால், அதுவும் ஒரு பதில். ஆசைக்கு வாங்குவதில் தப்பே இல்லை. தேவை என்று வீட்டில் காரணம் சொல்லிக் கடன் வாங்கி வாங்காதீர்கள், காசு சேர்த்து ஆசை என்றே சொல்லி வாங்குங்கள்.

சுவிஸ் வாட்ச் வாங்கி வச்சா தங்கம் மாதிரி விலை ஏறும்ங்கிறாங்களே?

விரல் விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களுக்கு ஏறும். மற்றதெல்லாம் கடையை விட்டு வெளியே வந்ததும் இறங்கும். சேமிப்பு வேண்டுமானால் சேமியுங்கள், வாட்ச்சைக் கையில் கட்டுங்கள்.

ஓடாத கடிகாரம் வீட்ல இருக்கக் கூடாதாமே, அத்தையோட பழைய வாட்ச்சை என்ன பண்றது?

இதைக் கேட்டது என் சித்தி, என் அத்தையின் வாட்ச்சைப் பற்றியே. நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன், அதில் ஒரு நல்ல பழக்கமும் ஒளிந்திருக்கிறது, நின்றதை அப்படியே விடாதே என்று. குவார்ட்ஸ் என்றால் செல்லை எடுத்துவிட்டு வையுங்கள், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன். இனி ஓடவே ஓடாத ஸ்மார்ட்வாட்ச்சைக் குப்பையில் போடாதீர்கள், லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சாவி கொடுக்கிற வாட்ச் ஓடாமல் இருந்தால் அது கெட்டுப்போனது என்று பொருள் இல்லை, யாரும் சாவி கொடுக்கவில்லை என்றுதான் பொருள். அத்தைக்கு இப்போது விரல் நடுங்குகிறது, திருகைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போது அவர் வாட்ச்சுக்கு நான்தான் சாவி கொடுக்கிறேன். காதருகில் வைத்துக் கேட்டுவிட்டு, "லேசா முந்துது, அடுத்த தடவை கடையில சொல்லிக் கொஞ்சம் பின்னுக்கு வை" என்பார். திங்கள் இரவோ செவ்வாய் காலையோ அது நின்றுவிடும், அடுத்த ஞாயிறு வரை மேசையிலேயே இருக்கும். சித்தி இப்போது ஒன்றும் சொல்வதில்லை.